மெல்லிய கோரை முடிக்கு மணப்பெண் கொண்டை: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி நிற்க வைப்பது?

கேள்வி: இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். முடி தோளுக்கு நாலு விரல் கீழே வரை இருக்கிறது. மெல்லிய, வழுவழுப்பான கோரை முடி. ரப்பர் பேண்டுகூட நழுவிவிடும். ஆனால் கொண்டைதான் போட வேண்டும் என்று ஆசை. எந்த மாதிரிக் கொண்டை பொருந்தும்? காலையில் போட்டது இரவு வரை கலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்:

என் கல்யாணத்தன்று என் தலையில் 63 ஊசிகள் இருந்தன. இரவில் அக்கா ஒவ்வொன்றாக உருவிக் கட்டில் மேல் போட்டு எண்ணிச் சொன்ன கணக்கு அது. அத்தனை குத்தியும் கொண்டை மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை. இப்போது ஆல்பத்தைப் புரட்டினாலும் தெரியும், பாதிக்கு மேல் எல்லாப் படங்களிலும் கழுத்தை வலது பக்கம் சாய்த்தபடி நிற்கிறேன். கொண்டை இடது பக்கம் சரிந்துகொண்டே போனது, நான் தலையைச் சாய்த்து ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கடுப்பில்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. 11 வருடமாக மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறேன். உங்கள் முடியும் என் முடியும் ஒரே ஜாதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. ஒரு மாடல் பெண்ணின் படத்தை நீட்டி "இதே மாதிரி வேண்டும்" என்றேன். போட்டவரும் "சரி" என்றார். அந்தப் பெண்ணுக்கு என்னைப் போல இரண்டு பங்கு அடர்த்தி, அலை அலையான முடி, அதுவும் பல நிறத்தில் சாயம் ஏற்றியது. இதை இருவருமே கவனிக்கவில்லை. படத்தில் கொண்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தலையில் இருப்பது என்ன மாதிரி முடி என்று பாருங்கள். சாயம் ஏற்றிய முடியில் ஒவ்வொரு முறுக்கும் தனித்தனியாகத் தெரியும். அதே முறுக்கை ஒரே கருப்பாக இருக்கும் முடியில் போட்டால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒரு கருப்பு உருண்டைதான் தெரியும். கருப்பு முடிக்கு அழகு அதன் உருவக்கோட்டிலும் பளபளப்பிலும் இருக்கிறது. நுணுக்கமான சின்னச் சின்னச் சுருள்களுக்குச் செலவழிக்கும் நேரம் பெரும்பாலும் வீண். இன்னொன்று, படங்களில் வரும் பெரிய கொண்டைகள் பலவற்றுக்குள் சவுரியோ பஞ்சு வளையமோ ஒளிந்திருக்கும். சொந்த முடியோடு ஒப்பிட்டு மனம் வாட வேண்டாம்.

கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிவாள் என்பார்கள். தொழிலில் பார்த்தால் அவளுக்கும் கஷ்டம் உண்டு. இடுப்பு வரை அடர்த்தியாக இருக்கும் முடியை ஒரு கொண்டைக்குள் அடக்கினால் அதன் கனத்துக்கே மதியத்துக்குள் கழுத்து வலிக்கும். சுருட்டை முடிக்காரர்கள்தான் உண்மையில் அதிர்ஷ்டசாலிகள். ஊசி தானாகவே கவ்விக்கொள்ளும். அவர்களில் பலர் முடியை நேராக்கிக்கொண்டு வந்து உட்காரும்போது எனக்கு அழுகை வரும்.

சரி, உங்கள் முடிக்கு என் தேர்வு: பிடரிக்குச் சற்று மேலே உட்காரும் தாழ்ந்த கொண்டை. காரணம் எளியது. தோளுக்குக் கீழே நாலு விரல் நீளம் இருந்தால் தலையின் எல்லாப் பக்கத்து முடியும் பிடரிக்கு வந்து சேர்ந்துவிடும். உச்சிக்கொண்டை போட்டால் கழுத்தோரத்து முடி கீழிருந்து மேலே ஏற வேண்டும். வழுக்கும் முடி அப்படி ஏறி நிற்காது, ஒரு மணி நேரத்தில் இழை இழையாகக் கீழே இறங்கும். அதைத் தடுக்க இறுக்கிக் கட்டினால் மெல்லிய முடிக்கு நடுவே தலைத்தோல் தெரியும், தலைவலியும் வரும்.

தாழ்ந்த கொண்டை என்றால் ஒரே மாதிரி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். 1956-இல் மொனாக்கோ இளவரசரை மணந்தபோது நடிகை கிரேஸ் கெல்லி போட்டிருந்ததும், 2018-இல் பிரிட்டன் இளவரசர் ஹாரியை மணந்தபோது மேகன் மார்கல் போட்டிருந்ததும் பிடரியில் உட்காரும் கொண்டைதான். ஒன்று வழித்து வாரிய நேர்த்தி, மற்றது இழைகள் நெகிழ்ந்த தளர்வு. இடம் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு. அந்தக் குணத்தைத்தான் உடைக்கும் நகைக்கும் ஏற்ப முடிவு செய்ய வேண்டும். கழுத்து மூடிய உடை என்றால் கொண்டையை இரண்டு விரல் மேலே தூக்குங்கள், இல்லாவிட்டால் கழுத்தே காணாமல் போகும். முதுகு இறங்கிய உடைக்குத் தாழ்ந்த கொண்டை அப்படியே பொருந்தும். காதில் பெரிய நகை என்றால் காதோரத்தில் இழைகளைத் தொங்கவிட வேண்டாம், சிக்கிக்கொள்ளும்.

முக வடிவத்துக்கு ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் சுற்றுகிறது: வட்ட முகத்துக்கு இது, நீள முகத்துக்கு அது என்று. நான் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. முன் உச்சியில் கொஞ்சம் உயரம் கொடுத்தால் முகம் நீண்டு தெரியும், காதோரம் கொஞ்சம் அகலம் விட்டால் நீள முகத்தின் நீளம் குறைந்து தெரியும். இது தெரிந்தால் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது பக்கவாட்டுத் தோற்றம். சடங்கு நடக்கும் நேரமெல்லாம் நீங்கள் மாப்பிள்ளை பக்கமோ வேறு எங்கோ திரும்பித்தான் இருப்பீர்கள். கேமராவுக்கு அகப்படுவது உங்கள் காதும் கொண்டையும்தான்.

இப்போது நிற்க வைக்கும் விஷயம். 63 ஊசி குத்தியும் என் கொண்டை ஏன் சரிந்தது? ஊசிகளுக்குப் பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. சுவரில் ஆணி இல்லாமல் படத்தை மாட்டினால் எப்படி நிற்கும்? நான் இப்போது செய்வது இது. தலையின் பின்புறம், கொண்டை உட்கார வேண்டிய இடத்தில், உள்ளங்கை அளவு வட்டமாக முடியைப் பிரித்து இறுக்கமான ஒரு சின்னப் பின்னல் போடுவேன். அதைச் சுருட்டித் தலையோடு தட்டையாக ஊசி குத்திவிடுவேன். அதுதான் ஆணி. மேலே வரும் ஒவ்வொரு ஊசியின் நுனியும் அந்தப் பின்னலுக்குள் போய் முடிய வேண்டும். 2011-இல் பிரிட்டன் இளவரசர் வில்லியமை மணந்தபோது கேட் மிடில்டன் முடியைப் பாதி விரித்துத்தான் விட்டிருந்தார், ஆனால் தலையில் வைர டியாரா, அதாவது சின்னக் கிரீடம். அதற்காக உச்சி முடியை நுனியிலிருந்து வேரை நோக்கிச் சீவிப் புடைக்க வைத்து, ஒரு சின்னப் பின்னல் போட்டு, டியாராவை அதிலேயே நூலால் தைத்தார்கள். அத்தனை பெரிய கல்யாணத்திலும் கடைசியில் தாங்கியது ஒரு சின்னப் பின்னல்தான்.

ஊசி குத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாபி பின்னில் ஒரு கால் நேராக இருக்கும், மறு கால் நெளிந்திருக்கும். நெளிந்த பக்கம் தலைத்தோலைப் பார்த்து இருக்க வேண்டும். ரொம்பப் பேர் தலைகீழாகக் குத்துகிறார்கள், நானும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான். இரண்டு ஊசியைப் பெருக்கல் குறி போலக் குறுக்காகக் குத்தினால் ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும். வழுக்கும் முடிக்கு, குத்தும் முன் ஊசி மேல் லேசாக ஹேர் ஸ்ப்ரே அடித்துக்கொள்ளலாம். மலைப்பாதை வளைவுக்கே பேர் கொடுத்த கொண்டை ஊசிக்கு, அதாவது யூ பின்னுக்கு, வேறு வித்தை: கொண்டையின் ஓரத்தில் கொஞ்சம் முடியைக் கவ்வி, ஊசியின் நுனியை வெளிப்பக்கம் பார்த்தபடி நுழைத்து, பிறகு அப்படியே புரட்டி உள்ளே பின்னலுக்குள் தள்ள வேண்டும். புரட்டாமல் நேராகக் குத்தினால் நழுவி வந்துவிடும்.

குத்திய ஊசி உறுத்தினால் உடனே சொல்லுங்கள். "கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், பழகாது. கடைசி ஸ்ப்ரே அடிக்கும் முன் வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள், புருவத்தை மேலே தூக்கிப் பாருங்கள். நெற்றிப்பொட்டில் இழுத்தால் அந்த இடத்து முடியைச் சீப்பின் வாலால் லேசாக நெகிழ்த்தச் சொல்லுங்கள்.

இனி உங்கள் முடியைத் தயார் செய்வது. முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். அன்று காலையில் அலசிய முடி இன்னும் வழுக்கும். கண்டிஷனர் நுனிக்கு மட்டும் போதும், வேர்ப்பக்கம் வேண்டாம். (சீக்கிரம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் தலை என்றால் முதல் நாள் இரவு குளிக்கலாம், ஆனால் நன்றாகக் காய வேண்டும்.) படுக்கும் முன் நாலைந்து பின்னல் போட்டுக்கொண்டால் காலையில் முடிக்கு ஒரு சொரசொரப்பு வந்திருக்கும். வேர்ப்பக்கம் டிரை ஷாம்பூ, அதாவது தண்ணீர் இல்லாமல் போடும் ஷாம்பூ, தூவினால் இன்னும் பிடிப்பு. கல்யாணத்துக்காக முடியை நேராக்கும், மென்மையாக்கும் சிகிச்சை எதையும் இப்போது செய்துகொள்ளாதீர்கள். கொண்டைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. நுனி வெட்டுவது இரண்டு மூன்று வாரம் முன்பே முடியட்டும். சாயம் அடிப்பதாக இருந்தால் 48 மணி நேரம் முன்னால் தோலில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

கர்லிங் அயர்ன் வைத்துச் சுருட்டும்போது பலரும் தவறுவது பொறுமையில். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் விட்டுப்போகும். உலரும்போதோ ஆறும்போதோ முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே திரும்பப் பிணைந்துகொள்ளும். ஆகவே சுருளைச் சூடாக இருக்கும்போதே அவிழ்த்துவிட்டால் பாதி வேலை போச்சு. சுருட்டிய கையோடு கிளிப் போட்டு, கைக்குச் சில்லென்று ஆகும் வரை விட வேண்டும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் சுருள் தொங்கிப்போவதும் இதே காரணத்தால்தான், அந்த ஈரமே பிணைப்புகளை அவிழ்த்துவிடும். அப்படிப்பட்ட பருவத்தில் கல்யாணம் என்றால் சுருளை நம்பிய கொண்டையை விடுங்கள், பின்னலையும் முறுக்கையும் நம்பிய கொண்டையைப் போடுங்கள். மெல்லிய முடிக்கு 150 டிகிரி செல்சியஸ் சூடு தாராளம்.

அடர்த்திக்குச் சவுரி சேர்க்கலாம், அதில் கூச்சம் எதற்கு? நிறத்தை உங்கள் நுனி முடியோடு ஒப்பிட்டு வாங்குங்கள், வேரோடு ஒப்பிட வேண்டாம். நுனி எப்போதும் கொஞ்சம் வெளுத்திருக்கும். பஞ்சு வளையம் வைத்தால் அதை முழுக்க மூடும் அளவுக்கு முடி இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். உங்கள் நீளத்துக்குச் சின்ன வளையம்தான் சரிப்படும். நெகிழ்ந்த இழைகள் பிடிக்கும் என்றால் முன்னால் இரண்டே இரண்டு. மெல்லிய முடியில் நாலைந்து இழை தொங்கினால் கொண்டை அவிழ்ந்துபோனது போல ஆகிவிடும்.

ட்ரயல் கட்டாயம் பாருங்கள். உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, நாலு முதல் ஆறு வாரம் முன்னால் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அன்று தலையில் வைக்கப்போகும் நகை, முக்காட்டுத் துணி, பூ எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் கனம் உண்டு. முக்காட்டை நடுவில் கழற்றப்போகிறீர்கள் என்றால் அதற்குத் தனி ஊசிகள் வைக்கச் சொல்லி, எப்படிக் கழற்றுவது என்பதை அக்காவோ தோழியோ யாராவது ஒருவர் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு உட்காருங்கள், காதுக்கு மேல் அதன் கால் நுழைய இடம் விட வேண்டும். முடிந்ததும் பின்னால் இருந்தும் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, கொண்டையை அவிழ்க்காமல் வீட்டுக்குப் போங்கள். ஏழெட்டு மணி நேரம் வீட்டு வேலை செய்யுங்கள், குனியுங்கள், சாய்ந்து உட்காருங்கள். எங்கே வலிக்கிறது, எது முதலில் நழுவுகிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த முறை சொல்லுங்கள். என் கல்யாணத்துக்கு முன் நான் கண்ணாடியில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவிழ்த்துப் போட்டேன்.

அப்புறம் அன்றைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோடு அலங்காரத்துக்கு உட்காருங்கள். கொண்டை முடிந்த பிறகு டி-சர்ட்டைத் தலை வழியாகக் கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டி எடுத்த பெண்ணை எனக்குத் தெரியும்.

இரவில் அவிழ்க்கும்போது எடுத்த எடுப்பில் சீப்பு வைக்காதீர்கள். ஊசிகளை எல்லாம் எடுத்த பிறகு, ஸ்ப்ரே காய்ந்த முடியில் தாராளமாகக் கண்டிஷனர் தடவிக் கொஞ்ச நேரம் ஊற விட்டு, நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள். ஷாம்பூ அதற்குப் பிறகு. அடித்தளம் சரியாக இருந்தால் உங்கள் முடிக்கு 20, 25 ஊசி போதும். நான் குத்தி முடித்ததும் எத்தனை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூட வந்தவர் கையில் கொடுத்துவிடுவேன். தூக்கக் கலக்கத்தில் எடுக்கும்போது ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும், தலையணையில் தலை வைத்த பிறகுதான் தெரியும்.