கிட்னி நோயாளிக்கு நானோ கான்ட்ராஸ்ட் ஊசியா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையால் கிட்னி பழுது. ரத்தசோகைக்கு அவ்வப்போது இரும்பு ஊசி ஏற்றுகிறார்கள். கல்லீரலில் கட்டி தெரிவதால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆனால் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) போடத் தயங்குகிறார்கள். கிட்னியைத் தொடாத இரும்பு நானோ துகள் ஊசி இருக்கிறதாமே?
- ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இருக்கிறது அம்மா. ஆனால் அதைத் தேடி அலையாதீர்கள்.

வழக்கமாகப் போடும் கடோலினியம் பெரும்பாலும் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னி மிகவும் பழுதான சிலருக்கு அதனால் தோல் தடித்து மூட்டு இறுகுகிறது என்று 2006இல் தெரியவந்தது. தயக்கம் அங்கிருந்து வந்ததுதான். இரும்பு நானோ துகளோ கிட்னியின் சல்லடையில் நுழையாது. கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் அதை விழுங்கிவிடும். விழுங்கிய இடமெல்லாம் படத்தில் கறுக்கும். புற்றுக்கட்டியில் பெரும்பாலும் அந்தச் செல்கள் இருக்காது, அதனால் கட்டி மட்டும் வெளுத்து நிற்கும். அப்படிப்பட்ட படங்களைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசை. இதற்காகவே 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரூமாக்ஸைட்ஸ் என்ற இரும்பு நானோ ஊசி சரியாக விற்காமல் நின்றுபோனது.

இப்போது பேசப்படுவது ஃபெரூமாக்ஸிடால். 2009இல் கிட்னி நோயாளிகளின் ரத்தசோகைக்கு அனுமதி பெற்ற இரும்பு நானோ ஊசி அது. சில மருத்துவர்கள் ஸ்கேனுக்கும் பயன்படுத்துகிறார்கள். உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை சிலருக்கு வந்ததால், 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உச்சகட்ட எச்சரிக்கை விடுத்தது. மெதுவாக ஏற்றி, அரை மணி நேரமாவது கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

அப்பாவுக்கு ஏறும் இரும்பு ஊசியின் பெயரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது ஃபெரூமாக்ஸிடால் என்றால் எம்.ஆர்.ஐ. படத்தை 3 மாதம் வரை மாற்றிக் காட்டும். கடலூர்ப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஜிப்மருக்கு வருகிறவர்களிடம் கேட்டால், “ஏதோ சத்து ஊசி போட்டாங்க சார்” என்பார்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், கடோலினியத்தை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. கடோபியூட்ரால், கடோடெரேட் போன்ற கடோலினிய வகைகளில் அந்தத் தோல் பாதிப்பு மிக மிக அரிது. இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 30க்குக் கீழே இருந்தாலும், அவசியமென்றால் போடுகிறார்கள். டயாலிசிஸ் செய்கிறவராக இருந்தால் அதற்குச் சற்று முன்பு ஸ்கேன் வைத்துக்கொள்வார்கள். நுண்குமிழி ஊசி (வாயு நிரம்பிய மிகச் சிறிய குமிழிகள்) போட்டு எடுக்கும் அல்ட்ராசவுண்டும் உண்டு. அந்த வாயு மூச்சோடு போய்விடும், கிட்னிக்கு வேலையே இல்லை. கல்லீரல் கட்டிக்கு அது நன்றாக உதவும். உங்கள் டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: சி.டி. ஸ்கேனுக்குத் தங்க நானோ துகள் வருமா?
- கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: தங்கத்தின் அணு எண் 79, சி.டி.க்கு வழக்கமாகப் போடும் கான்ட்ராஸ்டில் உள்ள அயோடினுக்கு 53. அதனால் எக்ஸ்ரேயை நன்றாகத் தடுக்கும். 2006இல் எலிகளில் காட்டிவிட்டார்கள். ஆனால் இரும்பை உடம்பு ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும். தங்கம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கிவிடுகிறது. அதற்கு வழி காணாமல் வழக்கமான சி.டி.க்கு அது வராது.