சொந்தபந்தங்களுக்கு நியூஸ்லெட்டர் அனுப்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, வெளிநாடு வந்து எட்டு மாதம் ஆகிறது, அம்மா அப்பாவிடம் மட்டும்தான் ஒழுங்காகப் பேச முடிகிறது, சித்தப்பா பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள், கல்லூரி நண்பர்கள் எல்லோரும் கைநழுவிப் போகிற மாதிரி இருக்கிறது, எல்லோருக்கும் சேர்த்து ஒரு நியூஸ்லெட்டர் அனுப்பினால் சரியாக வருமா, இல்லை பந்தா காட்டுகிறான் என்று நினைத்துவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

சரியாக வரும். நான் வந்து இருபது வருடம் ஆகிறது, 2011-லிருந்து இதைச் செய்கிறேன். நடுவில் ஒருமுறை நின்றுபோய் மறுபடி தொடங்கினேன், இப்போது எழுபது மடல்களுக்கும் மேல் ஆகிவிட்டன. நீங்கள் நினைக்கிற விதத்தில் செய்தால் ஆறு மாதத்தில் விட்டுவிடுவீர்கள் என்பதால்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், இது எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு அத்தைக்கு போன் போட்டால் என்ன நடக்கும்? "எங்களை எல்லாம் மறந்துட்டியா"வில் ஆரம்பிக்கும், அதற்குச் சமாதானம் சொல்லவே பத்து நிமிடம் போகும், அப்புறம் வேலை எப்படி, உடம்பு எப்படி, அங்கே என்ன மணி, அவ்வளவுதான், வைத்துவிடுவோம். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே அடுத்த போன் இன்னும் தள்ளிப்போகும். உறவு அறுந்துபோவது சண்டையால் இல்லை, பெரும்பாலும் இந்தக் கூச்சத்தால்தான். மடல் போய்க்கொண்டிருந்தால் அதே அத்தை போனை எடுத்ததும் "பொண்ணுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சுப்போச்சா?" என்று நேராக நடுவிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் போனை விட்டுவிட்டு மடல் எழுதச் சொல்லவில்லை, போனில் பேச விஷயம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவும் இருக்கட்டும். ஆனால் ஐம்பது பேர் இருக்கிற குழுவில் யாரும் மனதில் இருப்பதைச் சொல்வதில்லை, காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் ஓடும்.

பந்தாவைப் பற்றிக் கேட்டீர்கள், அது நியாயமான பயம். எது பந்தாவாகத் தெரிகிறது என்று எனக்கு அனுபவத்தில் புரிந்தது இது: வாங்கியதை எழுதினால் பந்தா, கற்றுக்கொண்டதை எழுதினால் இல்லை. கார், வீடு, சம்பளம், விலை எதுவும் என் மடலில் வராது. படிக்கிறவர்களில் நம்மைப் போலவே வெளிநாடு போக முயற்சி செய்து விசா கிடைக்காமல் போனவர்கள் இருப்பார்கள், பிள்ளைக்கு வேலை அமையாமல் இருக்கிற பெரியப்பா இருப்பார், ஒவ்வொரு வரி எழுதும்போதும் அவர் இதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதற்காகக் கஷ்டத்தை மட்டும் எழுதவும் வேண்டாம், வீட்டில் பயந்துவிடுவார்கள். அலுவலகத்தில் ஒருவர்கூட என் பெயரைச் சரியாகச் சொல்லாமல், மூன்று மாதம் கழித்து ஒருவர் மட்டும் தனியாக வந்து "சொல்லிக்கொடு" என்று கேட்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்ததை ஒருமுறை எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பதில் போட்டது அந்த ஒரு பத்திக்குத்தான்.

இன்னொன்று, இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் வேலை போன விஷயத்தை மூன்றாவது மடலில் எழுதினேன். அம்மாவிடம் இரண்டு நாள் கழித்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் மடலைப் படித்த ஒரு உறவினர் ஆறுதல் சொல்ல அம்மாவுக்கு போன் செய்துவிட்டார். பிள்ளையின் செய்தி ஊரார் வாயால் வந்ததை அம்மா வெகு நாள் மறக்கவில்லை, அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. பெரிய செய்தி எதுவானாலும், நல்லதோ கெட்டதோ, முதலில் போன், நெருங்கியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் மடல். அதேபோல் விசா நிலவரம், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகப்போகிற தேதி, வீட்டு முகவரி இதெல்லாம் எழுதாதீர்கள். நீங்கள் நாற்பது பேருக்குத்தான் அனுப்புவீர்கள், ஆனால் அது யார் யாருக்கெல்லாம் ஃபார்வர்டு ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. பிள்ளைகளைப் பற்றி எழுதுவதாக இருந்தால் விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். என் மகள் பன்னிரண்டு வயதில் "என்னைப் பத்தி எழுதினா எனக்கு முதல்ல காட்டணும்" என்றாள், அன்றிலிருந்து காட்டாமல் ஒரு வரி போனதில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? மாதம் ஒன்று என்று சொல்லியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், எட்டுப் பக்கம், நிறைய படம், தலைப்புக்கு அலங்காரம் எல்லாம் செய்து ஐந்து மாதம் அனுப்பினேன், ஆறாவது மாதம் நேரமில்லை, ஏழாவது மாதம் தாமதத்துக்கு மன்னிப்பு எழுத வேண்டுமே என்ற சங்கடம், அப்படியே ஒரு வருடத்துக்கும் மேல் போய்விட்டது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று, இரண்டு பக்கம், மூன்று நான்கு படம். எழுத உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் அளவுதான். இடைப்பட்ட நாட்களில் போனில் ஒரு குறிப்பு வைத்திருப்பேன், தோன்றுவதை இரண்டு வார்த்தையில் அதில் போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் எழுதுகிற அன்று ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

எழுதும்போது நாற்பது பேரை மனதில் வைத்து எழுதாதீர்கள், அது அறிக்கை மாதிரி வந்துவிடும். "அனைவருக்கும் வணக்கம், கடந்த இரண்டு மாதங்களில் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்தவை" என்றெல்லாம் என் பழைய மடல்களில் இருக்கிறது, அவற்றுக்குப் பதிலே வந்ததில்லை. ஒவ்வொரு மடலையும் ஒரு ஆளை நினைத்து எழுதுவேன், ஒருமுறை சின்ன மாமா, ஒருமுறை பள்ளித் தோழன். யாரை நினைத்து எழுதினேன் என்று வெளியில் சொல்வதில்லை, ஆனால் நடை தானாகவே மாறிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நியூஸ்லெட்டர் என்பது இயல்பிலேயே ஒருவழிப் பாதை. நாம் பேசிக்கொண்டே இருப்போம், அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள். பதில் வர வைப்பதுதான் இதில் உண்மையான வேலை. "எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள், பதில் எழுதுங்கள்" என்று முடித்தால் யாரும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் அதற்கு ஒரு முழுக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றும். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய, பதில் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு கேள்வியைக் கடைசியில் வையுங்கள்.

ஒருமுறை, தாத்தா வீட்டு மாடிப்படியில் எத்தனை படி என்று கேட்டிருந்தேன். நான் பதினான்கு என்று நினைத்திருந்தேன். அந்த வீடு கைமாறி வெகு காலம் ஆகிவிட்டது. பதினாறு என்று இரண்டு பேர், பதினைந்து என்று ஒருவர், திருப்பத்தில் இருக்கும் அகலமான படியைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று ஒருவர், "அந்தப் படியிலிருந்துதான் நான் விழுந்து கை முறிந்தது" என்று ஒரு அக்கா, அவரோடு நான் பேசியே பதினோரு வருடம் ஆகியிருந்தது. கடைசியில் என் அத்தை, எழுபது வயதுக்காரர், இப்போது அந்த வீட்டில் இருப்பவர்களிடம் போய்க் கேட்டு, ஏறி எண்ணிப் பார்த்து, பதினேழு என்று சொன்னார். அவர் அங்கே எடுத்த படம்தான் அடுத்த மடலின் முதல் பக்கம். எல்லோருடைய பதிலையும் பெயர் போட்டு அதில் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் அது என் மடல் என்பது மாறி எங்கள் மடல் ஆனது, இப்போது பாதிச் செய்தி அவர்களிடமிருந்துதான் வருகிறது. ஒரு பக்கம் நம் செய்தி, ஒரு பக்கம் அவர்கள் செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருடைய செய்தியையும் அவரைக் கேட்காமல் போடக்கூடாது.

பட்டியலைப் பற்றி. மனிதரால் சுமார் 150 பேரோடுதான் நிலையான உறவு வைத்திருக்க முடியும் என்று ராபின் டன்பர் என்ற ஆய்வாளர் 1990களில் சொன்னார், அந்தக் கணக்கு சரியா தப்பா என்று இன்றும் விவாதம் நடக்கிறது, என்னால் அதில் பாதிகூட முடியவில்லை. என் பட்டியலில் இப்போது 40 பேர். ஒவ்வொரு தடவையும் அதில் ஐந்து பேருக்கு மட்டும் மடலோடு சேர்த்துத் தனியாக இரண்டு வரி எழுதுவேன், அவர் போன முறை சொன்ன விஷயத்தைக் கேட்டு. சுழற்சியில் எட்டு மடலுக்குள் எல்லோருக்கும் ஒருமுறை வந்துவிடும். உண்மையைச் சொன்னால், மடலை விட இந்த இரண்டு வரிதான் உறவைக் காப்பாற்றுகிறது.

அனுப்பும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஆரம்பித்த காலத்தில் பலருடைய போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் பிடிஎஃப்-ஆகச் செய்து அனுப்பினேன், இன்றும் அதுதான் வசதியாக இருக்கிறது, எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும், அச்சு எடுக்கலாம். எழுத்து அளவு 14-க்குக் குறைய வேண்டாம், பெரியவர்கள் படிக்க வேண்டும். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும், சிறிதாக்காமல் நிறையச் சேர்த்தால் மெயிலில் இணைப்பாகப் போகாது, ஜிமெயிலில் இணைப்புக்கு உச்ச அளவு 25 எம்பி. முகவரிகளை எல்லாம் பிசிசி கட்டத்தில் போடுங்கள், அப்போதுதான் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது, இதை மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்தேன், ஒருவர் எனக்கு மட்டும் என்று நினைத்து இன்னொரு உறவினரின் கடன் விவகாரத்தை எழுதி எல்லோருக்கும் பதில் அனுப்பிவிட்டார், அந்த இரண்டு வீடும் மறுபடி பேசிக்கொள்ள நாளாயிற்று, தவறு என்னுடையது.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் குழுவில் போடுவதை விட பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் அது போய்ச் சேரும். வெளிநாடு வந்து எண் மாறியிருக்கும் இல்லையா, அதைப் புதிதாகச் சேமித்தார்களா என்று ஒவ்வொருவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கும், தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் அதையே வாசித்துக் குரல் பதிவாக அனுப்புகிறேன். என் பெரியம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

நியூஸ்லெட்டருக்கென்றே இருக்கிற தளங்களை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். பொதுவில் எல்லோருக்கும் தெரியும்படி போய்விடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், தவிர இந்தத் தளங்கள் நிலைப்பதில்லை. டைனிலெட்டர் என்று, சிறிய வட்டத்துக்கு எழுதுபவர்கள் விரும்பிப் பயன்படுத்திய ஒன்று 2024 பிப்ரவரி கடைசியில் மூடப்பட்டது, யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. எதில் எழுதினாலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், முகவரிப் பட்டியலும் உங்களிடம் தனியாக இருக்கட்டும். அப்புறம், அந்தத் தளங்கள் யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று கணக்குக் காட்டும். பார்க்காதீர்கள். மடலில் மறைத்து வைத்த ஒரு சின்னப் படம் தரவிறங்குவதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள், ஆப்பிளின் மெயில் செயலியோ 2021-லிருந்து, அந்தரங்கப் பாதுகாப்பு வசதியை இயக்கியிருந்தால், யாரும் திறக்காமலே படங்களைத் தானாகத் தரவிறக்கி வைத்துக்கொள்கிறது, அதனால் அந்தக் கணக்கே நம்பக்கூடியது இல்லை. சரியாகவே இருந்தாலும், மாமா என் கடிதத்தைத் திறக்கவில்லை என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்? மனசு கசப்பதுதான் மிச்சம்.

பதிலே போடாதவர்களை நான் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. நான்கு வருடம் ஒரு வார்த்தை எழுதாத நண்பன், அவன் அப்பா இறந்த அன்று இரவு என்னைத்தான் கூப்பிட்டான், எல்லா மடலையும் படித்திருந்தான். ஆனால் யாராவது வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் முதலில் பத்துப் பேருக்கு மட்டும் எழுதுங்கள், ஒரே பக்கம், இந்த எட்டு மாதத்தில் உங்களைத் திகைக்க வைத்த ஏதாவது ஒரு விஷயம் போதும். கடைசியில் அந்தக் கேள்வி இருக்கட்டும். யாரிடமிருந்து முதல் பதில் வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள், நாம் எதிர்பார்க்கிற ஆளாக அது பெரும்பாலும் இருக்காது.