எழுத்தாளர்களின் நேர்காணல்களைப் படித்தால் நமக்குக் கதை எழுத வருமா?

சிறுகதை எழுதிப் பழகுவதாகவும், நாவலாசிரியர்கள் தங்கள் எழுத்துமுறையையும் புதிய படைப்புகளையும் பற்றிப் பேசுவதைத் தேடித் தேடிப் படிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

பயன் உண்டு. ஆனால் நான் பல வருடங்கள் அந்த நேர்காணல்களில் தவறான இடத்தையே படித்துக்கொண்டிருந்தேன். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், கையால் எழுதுகிறாரா, கணினியிலா, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம், இதையெல்லாம்தான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

2004-இல் வந்த ஒரு நேர்காணலில் ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி, நாவல் எழுதும் காலத்தில் காலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவதாகவும், பிற்பகலில் 10 கிலோமீட்டர் ஓடுவதாகவும் அல்லது 1500 மீட்டர் நீந்துவதாகவும், இரவு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவதாகவும் சொல்கிறார். நானும் மூன்று வாரம் நான்கு மணிக்கு எழுந்தேன். அப்புறம் வேலைக்கும் போக வேண்டும். மூன்று வாரத்தில் மிஞ்சியது தூக்கக் கலக்கமும் பாதிப் பக்கமும்தான். பிறகுதான் தெரிந்தது, அவருடைய முதல் இரண்டு நாவல்களும் அவர் நடத்திவந்த ஜாஸ் பாரைப் பூட்டிவிட்டு வந்து, நள்ளிரவில் சமையலறை மேசையில் எழுதப்பட்டவை. நான்கு மணிப் பழக்கம் எழுத்தே முழுநேர வேலையான பிறகு வந்தது. நான் அவருடைய பிற்கால வாழ்க்கையை என்னுடைய ஆரம்பத்தில் கொண்டுவந்து ஒட்டப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் நாவலாசிரியர் கஸுவோ இஷிகுரோ விஷயமும் இதே மாதிரிதான். 1989-இல் புக்கர் பரிசு பெற்ற நாவலை அவர் நான்கே வாரத்தில் எழுதினார் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைப் பற்றி அவரே எழுதியதை முழுசாகப் படித்துப் பாருங்கள். திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பத்தரை வரை எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நான்கு வாரத்துக்கு முன்பே தேவையான வாசிப்பையும் ஆராய்ச்சியையும் பெருமளவு முடித்திருந்தார். எழுதும்போது நடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. காலையில் எழுதியதும் மாலையில் எழுதியதும் முரண்பட்டாலும் விட்டுவிட்டார். கடைசியில் கையில் இருந்தது கரட்டு வரைவு. அதைச் சரியாக எழுதி முடிக்க இன்னும் நிறைய காலம் தேவைப்பட்டது. இதில் நமக்கு உதவுவது, முதல் வரைவு மோசமாக இருப்பதை அவர் அனுமதித்தார் என்பதுதான்.

அதே இஷிகுரோ, 2015-இல் வெளிவந்த நாவலின் ஆரம்பப் பக்கங்களைப் பல வருடம் முன்பே மனைவியிடம் காட்டியிருக்கிறார். இது சரிப்படாது, முதலிலிருந்து ஆரம்பி என்று மனைவி சொல்ல, அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு புத்தகம் எழுதப் போய்விட்டார். இதைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. எழுத்தாளர்கள் எதை எழுதினார்கள் என்று சொல்லும் இடத்தைவிட, எதைத் தூக்கிப் போட்டார்கள் என்று சொல்லும் இடத்தில்தான் தொழில் இருக்கிறது.

அப்போது என்னிடம் இரண்டு பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்த ஒரு கதை இருந்தது. அம்மா இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் அவள் அறையை ஒழிக்கிறார்கள். ஒன்பது பக்கம். அதுவரை யாரிடமும் வரைவைக் காட்டியதில்லை. ஒரு தோழியிடம் கொடுத்தேன். அவர் ஒன்றுமே எழுதவில்லை, ஏழாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கோட்டுக்கு மேலே இருந்த காட்சி இது: அண்ணன் சாவிக்கொத்தை எடுத்துப் பீரோவில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறான். ஒரு சாவி மட்டும் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. தம்பி சொல்கிறான், "அது பழைய வீட்டுச் சாவிண்ணா. அந்த வீட்டை இடிச்சே இருபது வருஷம் ஆச்சு." அண்ணன் அந்தச் சாவியைத் திரும்பக் கொத்திலேயே கோக்கிறான்.

கோட்டுக்குக் கீழே இரண்டு பக்கம். அம்மா அந்த வீட்டை மனதில் எப்படிச் சுமந்தாள், சகோதரர்கள் எப்படி அழுதார்கள், எப்படி மனம் மாறினார்கள் என்று நான் விளக்கியிருந்தேன். இரண்டு மாதம் உழைத்த பக்கங்கள். வெட்டுவதற்கு ஒரு வாரம் ஆனது, வெட்டிய பிறகு அந்தக் கதை எனக்கே பிடித்தது.

அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1958-இல் வந்த நேர்காணலில், ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை திருத்தி எழுதியதாகச் சொன்னார். அந்த நாவலின் 2012 பதிப்பில் அவர் எழுதிப் பார்த்த 47 முடிவுகளை அச்சிட்டிருக்கிறார்கள். அவரே சொன்ன எண்ணிக்கையையும் தாண்டிவிட்டது!

திருத்தம் என்றால் என்ன என்று எனக்குத் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டர்ஸ். தன் நெற்றியில், படிப்பது பிடிக்கிறதா இல்லையா என்று முள் அசைந்து காட்டும் ஒரு கருவி இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, எழுதியதை முதல் தடவை படிக்கும் வாசகனைப் போலப் படிப்பாராம். முள் எங்கே சரிகிறதோ அந்த வரியைத் திருத்துவார், மறுபடி படிப்பார், திரும்பத் திரும்ப. அவர் தரும் உதாரணம் அருமையானது. ஒருவனை மோசமானவன் என்று ஒரு வரி எழுதுகிறோம். எப்படி மோசமானவன் என்று கேட்டுக்கொண்டால், காபிக் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் எரிந்து விழுந்தான் என்று ஆகிறது. ஏன் என்று கேட்டால், அவள் இறந்துபோன மனைவியை ஞாபகப்படுத்தினாள் என்று வருகிறது. வாக்கியத்தைத்தான் சரிசெய்யப் போனோம், நடுவில் அந்த மனிதன் மேல் நமக்கு இரக்கம் வந்துவிட்டது.

புதிய புத்தகம் வந்த சமயத்தில் தரும் பேட்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றை நான் மேலோட்டமாகத்தான் படிப்பேன். புத்தகம் விற்க வேண்டும், கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அதே நாவலைப் பற்றி நான்கைந்து வருடம் கழித்து அவரே பேசினால் தவறவிடாதீர்கள், அப்போதுதான் எங்கே சறுக்கியது என்று மனம் திறக்கிறார்கள். இன்னொன்று, பாரிஸ் ரிவ்யூ என்ற இலக்கிய இதழில் 1953-இலிருந்து வரும் நேர்காணல்கள் போன்றவற்றை எழுத்தாளரே பார்த்துத் திருத்திய பிறகுதான் அச்சிடுகிறார்கள். அவர்கள் கோர்வையாகப் பேசுகிறார்களே, நமக்கு அப்படி வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம். அந்தப் பதில்களும் வரைவு தாண்டி வந்தவைதான்.

இப்போது கையில் முடித்த கதை ஒன்று இருக்குமானால், அதன் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு மீதியை நம்பிக்கையான ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். கதை இன்னும் முடியவில்லையே என்று அவர் கேட்கிறாரா, பாருங்கள்.