தோளில் இருந்து பார்த்த ஊர்வலம்

அன்புள்ள ஐயா,

என் எட்டு வயது மகளை ஒரு ஆர்ப்பாட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் அட்டை பிடித்து நின்ற படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அப்புறம் போலீஸ் கூட்டத்தைக் கலைத்ததில் தடுமாறி ஓடிவந்தோம். அடி எதுவும் இல்லை. இரண்டு மாதமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் திட்டுகிறார். இது அவள் மனதில் தங்கிவிடுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தங்கும். எது தங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்து ஒரு ஊர்வலத்துக்குப் போனார். என்ன கோரிக்கை என்று இன்றுவரை தெரியாது. கோஷத்தில் ஒரு வரிகூட நினைவில்லை. போலீஸ் லத்தியை ஓங்கியதும், என் கணுக்காலைப் பிடித்திருந்த அவர் கை வியர்த்து வழுக்கியது. அது மட்டும் இருக்கிறது. அப்பாவுக்கும் பயம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணும் நடக்கல, போய்ப் படு" என்றார். அவரை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை, ஊர்வலத்துக்காக அல்ல, அந்த ஒரு வாக்கியத்துக்காக.

1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் நிறப் பாகுபாட்டுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் நாய்களை ஏவியது. தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பிள்ளைகளை முன்னே நிறுத்தலாமா என்று கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அந்தச் சண்டை இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்தார்கள். எதற்குப் போகிறோம், போலீஸ் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

உங்கள் மகளுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், அம்மா? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், அது இல்லை. அட்டை இருக்கிறது. எழுதியது யார்? அதில் இருந்ததை அவள் வாசித்தாளா? புரியவில்லை என்று கேட்டாளா? 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, அமைதியாகக் கூடும் உரிமையைப் பிள்ளைகளுக்கும் தருகிறது. 15-ஆவது பிரிவு. அவளை அழைத்துப்போனதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அட்டையை நீட்டி, "இப்படி நில்லு, சிரி" என்றீர்களே, அதற்குத்தான் கோபம்.

உங்கள் கணவரை நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "அன்னைக்கு எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு" என்று அவளிடம் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் நோண்டாதீர்கள். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கலாமா என்று காலையில் கேளுங்கள்.