மழைக்குப் பிறகு நடைகற்கள் ஆடுவது ஏன்?

ஐப்பசி மழைக்குப் பிறகு தோட்டத்து நடைகற்கள் ஒரு பக்கம் அமுங்கி ஆடுகின்றன என்கிறீர்கள். குறை கல்லில் இல்லை, அடியில். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நேரடியாக வைத்த எந்தக் கல்லும் நிலைக்காது.

கல் 2 அங்குலக் கனம் என்றால், சுற்றிலும் 2 அங்குலம் கூட்டி, 7 அங்குல ஆழம் தோண்டுங்கள். முக்கால் இன்ச் ஜல்லியும் கிரஷர் தூளும் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்பொடி) கலந்து 4 அங்குலம் நிரப்ப வேண்டும். இரண்டு தடவையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடியுங்கள். ஒரே தடவையாகக் கொட்டினால் மேல்பகுதிதான் இறுகும். தூள் சேர்க்காவிட்டால் மேலே போடும் மணல் ஜல்லி இடுக்கில் இறங்கிவிடும். ஜல்லி போட்ட பிறகும் கல் ஆடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அதன்மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் பரப்பி, கல்லை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். தரையைவிட அரை அங்குலம் உயர்ந்து நிற்கும், மண் மூடாது. நான்கு மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் கல்லைத் தூக்கி மணலைச் சரிசெய்யுங்கள், பக்கவாட்டில் சில்லு செருக வேண்டாம்.

கல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2 அடி. வயதானவர்கள் நடக்கும் வீட்டில் 20 அங்குலம் போதும். வழவழப்பான கடப்பாக்கல் மழையில் வழுக்கும்; கொத்திய கருங்கல்லே நல்லது.

செம்மண் தரையானால் ஜல்லி 2 அங்குலம் போதும், குழி 5 அங்குலம்.