காங்கோவின் கடலோரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆப்பிரிக்காவின் இரண்டாவது பெரிய நாடு என்கிறார்கள். ஆனால், வரைபடத்தில் அதற்குக் கடலோரமே தென்படவில்லையே?

பதில்: கூர்ந்து பார்த்தால் தென்படும். சுமார் 23.45 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நாட்டுக்கு அட்லாண்டிக் கரையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மட்டுமே வாய்த்திருக்கிறது. அதற்கு வடக்கே அங்கோலாவுக்குச் சொந்தமான கபிண்டா. தெற்கே அங்கோலாவின் பெருநிலம். 1884-85இல் ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடியபோது, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோ ஆற்றுப் படுகையைத் தம் சொந்த உடைமையாகப் பெறுவதில் குறியாக இருந்தார். ஆற்றின் முகத்துவாரத்துக்கோ, அங்கோலாவைத் தன் காலனியாக வைத்திருந்த போர்ச்சுகல் உரிமை கோரியது. பேரத்தின் முடிவில் முகத்துவாரத்தின் தென்கரை போர்ச்சுகலுக்கும், வடகரையில் ஒரு குறுகிய துண்டு மன்னருக்கும் கிடைத்தன. இடையில் சிக்கிய கபிண்டா இன்றுவரை தாய்நிலத்தோடு சேராமல் தனித்தே கிடக்கிறது.

கடல் கிடைத்தும் தொல்லை தீரவில்லை. கடற்கப்பல்கள் ஆற்றில் மாட்டாடி துறைமுகம் வரைதான் ஏறி வர முடியும். அதற்கும் தலைநகர் கின்ஷாசாவுக்கும் இடையே லிவிங்ஸ்டன் அருவித்தொடர் வழிமறிக்கிறது. கின்ஷாசாவிலிருந்து கிசங்கானி வரை சுமார் 1,700 கிலோமீட்டருக்குப் படகுகள் தடையின்றிச் செல்லக்கூடிய ஓர் ஆறு, கடலை நெருங்கும் இடத்தில் பயணத்துக்கு உதவாமல் போவது விந்தைதான். அருவிகளைச் சுற்றிக்கொண்டு போவதற்காகவே, ஏராளமான தொழிலாளர்களின் உயிரைக் குடித்த ரயில்பாதை ஒன்று 1898இல் முடிக்கப்பட்டது.

கேள்வி: அந்நாட்டின் எல்லைகள் எல்லாம் பெர்லினில் அளவுகோல் வைத்துக் கிழிக்கப்பட்டவைதாமா?

பதில்: அப்படிப் பரவலாகச் சொல்லப்படுகிறது, அது சரியன்று. பல எல்லைகள் முன்னும் பின்னும் இரு தரப்பு உடன்படிக்கைகளால் முடிவானவை. அவற்றில் பெரும்பகுதி நீரையே பின்பற்றுகிறது. வடக்கில் உபாங்கி, ம்போமு ஆறுகளும், கிழக்கில் ஆல்பர்ட், எட்வர்ட், கிவு, தாங்கனிக்கா ஏரிகளும் எல்லையாக அமைந்தன. தான்சானியாவோடு காங்கோவுக்கு நில எல்லையே இல்லை. இரண்டும் தாங்கனிக்காவின் நடுவேதான் சந்திக்கின்றன. நிலத்தைப் பண்டமாற்றுச் செய்த கதையும் உண்டு: மாட்டாடி அருகே ரயில்பாதைக்குத் தேவைப்பட்ட சுமார் 3 சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பெறுவதற்காக, 1927இல், மன்னருக்குப் பின் காங்கோவை ஆண்ட பெல்ஜியம் தெற்கே திலோலோ பகுதியில் ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டரைப் போர்ச்சுகலுக்கு விட்டுக்கொடுத்தது. ஒரு துறைமுகத்தின் அருமையை இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கும் காட்டாது.

கேள்வி: சாம்பியாவின் வயிற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூலை என்ன?

பதில்: அது கட்டங்கா பகுதியின் தென்கிழக்கு நீட்சி. அதனால் சாம்பியா ஏறக்குறைய இரண்டாகப் பிளவுபட்டிருக்கிறது. சாம்பியாவின் தாமிரச் சுரங்கப் பகுதியான தாமிர வளையத்திலிருந்து லுவாப்புலா மாகாணத்துக்குக் குறுக்குவழியில் போக விரும்புவோர் காங்கோ மண்ணைக் கடந்தே ஆக வேண்டும்.

கேள்வி: கனிமங்கள் எங்கே இருக்கின்றன?

பதில்: உலகின் கோபால்ட் உற்பத்தியில் பாதிக்கும் மேல் தருகிற சுரங்கங்களும், அவற்றோடு கலந்தே கிடைக்கும் தாமிரமும் தென்கிழக்கில், கொல்வேசியைச் சுற்றிய பகுதியில் உள்ளன; மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய டான்டலம் உலோகத்தின் தாதுவான கோல்டான் கிழக்கே கிவு மாகாணங்களில் கிடைக்கிறது. இரண்டுமே சொந்தக் கடலோரத்திலிருந்து மிகத் தொலைவு. ஆகவே தென்கிழக்கின் சரக்கில் பெரும்பகுதி மாட்டாடியை எட்டிப் பார்ப்பதில்லை; சாம்பியா வழியாக லாரிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கோ தான்சானியாவின் தாருஸ்ஸலாமுக்கோ, இல்லையேல் ரயிலில் அங்கோலாவின் லோபிடோவுக்கோ போய்ச் சேர்கிறது.