மின்சார கார்த் தொழிற்சாலையில் வெளிநாட்டுப் பங்கு: நீங்கள் கேட்டவை

சீனாவில் டெஸ்லாவுக்கு மட்டும் ஏன் முழு உரிமை கொடுத்தார்கள்?

டெஸ்லாவுக்கென்று தனி விதி இல்லை. 1994 கொள்கைப்படி அங்கே கார் தயாரிக்க வருகிறவர்கள் உள்ளூர்க் கம்பெனியோடு கூட்டுச் சேர வேண்டும், 50 சதவீதத்துக்கு மேல் பங்கு கிடையாது என்று இருந்தது. 2018ல் மின்சார வாகனங்களுக்கு அந்த வரம்பை நீக்கினார்கள், 2022ல் மற்ற பயணிகள் கார்களுக்கும். டெஸ்லா முந்திக்கொண்டது. 2019 ஜனவரியில் ஷாங்காய் லிங்காங்கில் சேறும் சகதியுமாகக் கிடந்த நிலத்தில் அடிக்கல் நாட்டி, அதே டிசம்பர் கடைசியில் காரை வெளியே ஓட்டி வந்துவிட்டார்கள். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். சிஏடிஎல், பிஒய்டி என்ற இரண்டு சீனக் கம்பெனிகளும் பேட்டரியில் காலூன்றிய பிறகுதான் சீனா கதவைத் திறந்தது. ஷாங்காய் டெஸ்லாவில் சிஏடிஎல் பேட்டரியும் போகிறது. பங்கு முழுக்க அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தும், காரிலேயே விலை அதிகமான பாகத்தின் தொழில் சீனர் கையில். நான் பங்கு சதவீதத்தை அப்புறம்தான் பார்ப்பேன், முதலில் பேட்டரி எங்கே செய்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இந்தியாவில் சீன முதலீட்டுக்குத் தடையா?

தடை இல்லை, அனுமதி வேண்டும். கார்த் தொழிலில் 100 சதவீத வெளிநாட்டு முதலீடு வரலாம். ஆனால் 2020 ஏப்ரலில் வந்த விதிப்படி, நம்மோடு நில எல்லை உள்ள நாட்டுக் கம்பெனிகள் அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். ஷாங்காயின் எஸ்ஏஐசி கார்க் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்த ‘எம்ஜி மோட்டார் இந்தியா’ கம்பெனியில் இந்தியாவின் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 35 சதவீதப் பங்கு வாங்கியது இந்தச் சூழலில்தான்.

தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் ஆலையால் நமக்கு என்ன லாபம்?

2025 ஆகஸ்டில் திறந்தது, ஆரம்பத் திறன் வருடத்துக்கு 50,000 கார். முதலாளி வியட்நாம் கம்பெனி. வேலை கிடைக்கும், சரி, அது பெரிய விஷயம்தான். ஆனால் வியட்நாமிலிருந்து பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. மோட்டார், வயரிங், பேட்டரி பேக் என்று பக்கத்திலேயே சப்ளையர்கள் முளைக்க வேண்டும். ஒன்றிய அரசின் 2024 திட்டத்தில் இதற்கு அளவுகோலே இருக்கிறது: 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்பவர் கொண்டுவரும் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி 15 சதவீதமாகக் குறையும், பதிலுக்கு 3 வருடத்தில் 25, 5 வருடத்தில் 50 சதவீத மதிப்பு இங்கே உருவாக வேண்டும். அந்தத் திட்டத்தில் சேராத ஆலையையும் நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்ப்பேன்.

கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் என் கார்?

ஃபோர்டு மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்திய பிறகும் சர்வீஸ் தொடர்ந்தது. மின்சாரக் காரில் பேட்டரிதான் கவலை. புக் பண்ணும் முன் வாரண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பேட்டரிக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி எது, அது இந்தியாவில் பதிவானதா என்று படித்துவிடுங்கள்.